உறையில் தொடங்குங்கள்: பாக்கெட்டில் வைக்க மடங்காத சிறு கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதன்முறையாகக் கத்தி வாங்கப் போகிறவர்கள் அலகைத்தான் பார்க்கிறார்கள். என்ன எஃகு, எவ்வளவு நீளம், முனை எப்படிச் சரிகிறது என்று விசாரிக்கிறார்கள். உறையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பவர்கள் அரிது. நானும் அப்படித்தான் வாங்கினேன். என் முதல் கத்தி மூன்று வாரம் பாக்கெட்டில் இருந்தது. பிறகு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. அலகில் ஒரு குறையும் இல்லை. உட்காரும்போதெல்லாம் உறை தொடையில் குத்தியது. கத்தியை வெளியே எடுக்க இரண்டு கைகளும் தேவைப்பட்டன. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உறையைத் தேர்ந்தெடுங்கள், அதற்குள் இருக்கும் கத்தியை அடுத்துப் பாருங்கள்.

மடங்காத கத்தி என்றால் அலகும் பிடிக்குள் செல்லும் காம்பும் ஒரே எஃகுத் துண்டாக இருப்பது. மடக்குக் கத்தியில் உள்ள அச்சு, பூட்டு, சுருள் எதுவும் இதில் இல்லை. அட்டைத் தூசியும் டேப்பின் பசையும் போய் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. குழாயடியில் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. பூட்டு நழுவி விரல்மேல் மடங்குமோ என்ற பயமும் இல்லை. இவை உண்மையான நன்மைகள். இவற்றுக்கு ஈடாக மூன்று சங்கடங்களை ஏற்க வேண்டும். கத்தியின் நீளம் பாக்கெட்டுக்குள் குறையாது. உறை இல்லாமல் அதை ஓர் அடிகூட எடுத்துச் செல்ல முடியாது. பல இடங்களில் சட்டம் இதை மடக்குக் கத்தியைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறது. இந்த மூன்றும் உங்களுக்குச் சரிப்பட்டு வராவிட்டால் நல்ல மடக்குக் கத்தியே போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

முதலில் சட்டம்

பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் வாழும் இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் காட்டாமலே வைத்திருக்கலாம். மடங்காத கத்தி என்றால் அது எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணம் இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ மடங்காத கத்தியின் அலகுக்கு 12 செ.மீ. என்ற அளவு உண்டு; அதைத் தாண்டியதைத் தக்க தேவை இல்லாமல் வெளியில் கொண்டு செல்லக் கூடாது. ஒரே கண்டத்தில், ஒரே பொருளுக்கு, இவ்வளவு வேறுபாடு. எனவே நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள். நீளத்தோடு விதி முடிந்துவிடுவதும் இல்லை. மறைத்து வைப்பதற்கும் வெளியே தெரிய வைப்பதற்கும் வெவ்வேறு விதிகள் இருக்கலாம். பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம், கூட்டம் கூடும் இடம் ஆகியவற்றுக்குத் தனித் தடை இருக்கலாம். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில், உறையோடு சுற்றிக் கட்டி வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தற்காப்புக்கு என்று நினைத்து இந்தக் கத்தியை வாங்காதீர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் அது காரணமாகவே ஏற்கப்படாது. உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். இந்தக் கட்டுரை பேசுவது அட்டைப்பெட்டி பிரிக்கிற, கயிறு அறுக்கிற ஒரு வேலைக் கருவியைப் பற்றி மட்டுமே.

ஒரு வாரக் குறிப்பு

சட்டம் தெளிவான பிறகும் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு வாரம், கத்தியோ கத்தரிக்கோலோ தேவைப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வையுங்கள். என் குறிப்பில் இருந்தவை: பார்சல் டேப், பார்சல் டேப், அட்டைப்பெட்டியை மடிக்க நான்கு மூலைகளிலும் கீறல், பிளாஸ்டிக் பட்டை, சணல் கயிறு, சட்டையில் தொங்கிய நூல், கடித உறை, ஒரு பழம், மறுபடியும் பார்சல் டேப். இவற்றில் 5 செ.மீ.க்கு மேற்பட்ட விளிம்பு தேவைப்பட்டது அட்டைக்கும் பழத்துக்கும் மட்டும்தான். உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். தோட்ட வேலை செய்பவருக்கும் மின்கம்பி வேலை செய்பவருக்கும் கிடங்கில் நிற்பவருக்கும் ஒரே கத்தி பொருந்தாது. ஆனால் அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் போனால், காட்டில் ஒரு வாரம் பிழைத்திருப்பதற்கான கத்தியை வாங்கிக்கொண்டு வந்து கடித உறை பிரிப்பீர்கள். இந்தத் தவறு மிகமிகப் பொதுவானது.

அட்டையில் ஒரு கத்தி

அடுத்த படிக்குச் செலவே இல்லை. தடித்த அட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, நீங்கள் வாங்க நினைக்கும் கத்தி உறையோடு இருக்கும் அளவுக்கு வெட்டுங்கள். மொத்த நீளம், உறையின் அகலம், தடிமன் மூன்றும் விற்பவர் தரும் விவரத்தில் இருக்கும். அகலம் சொல்லப்படாவிட்டால் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் பெரும்பாலும் 1 செ.மீ.க்கும் ஒன்றரை செ.மீ.க்கும் இடையில் இருக்கும். மேல்விளிம்பில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி, அதைப் பாக்கெட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடமாடுங்கள். நாற்காலியில் உட்காருங்கள், தரையில் உட்காருங்கள், மாடி ஏறுங்கள், வண்டி ஓட்டுங்கள், குனிந்து செருப்பின் வாரைப் போடுங்கள். பெரும்பாலானோர் இந்த இரண்டு நாளில் தெரிந்துகொள்வது, தாங்கள் நினைத்த கத்தி 2 செ.மீ. நீளம் அதிகம் என்பதுதான். உட்காரும்போது மேல்நுனி இடுப்பு மடிப்பில் இடித்தால் நீளம் கூடுதல். கை பாக்கெட்டுக்குள் நுழைய இடமே இல்லாவிட்டால் அகலம் கூடுதல்.

எந்தப் பாக்கெட் என்பதும் இப்போது முடிவாகிவிடும். வலக்கைக்காரருக்கு வலது முன் பாக்கெட், இடக்கைக்காரருக்கு இடது முன் பாக்கெட். பின் பாக்கெட் வேண்டாம். உட்காரும்போது முழு உடம்பின் எடையும் உறைமேல் விழும், பிளாஸ்டிக் உறையாக இருந்தால் வாய் விரியும். சட்டைப் பாக்கெட் வேண்டவே வேண்டாம், குனிந்தால் விழும். கத்தி இருக்கும் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவியும் நாணயமும் தொலைபேசியும் மறுபக்கத்துக்குப் போகட்டும். இந்த விதியை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

உறை

சிறு கத்திகளுக்கு இப்போது பரவலாக வருவது கைடெக்ஸ் உறை. இது அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக் தகடு. 1960களில் விமானங்களின் உட்புறத்துக்காக உருவாக்கப்பட்டு, பிறகு கத்தி செய்பவர்கள் கைக்கு வந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் அச்சாக இறுகும். இளகிய தகட்டைக் கத்தியின்மேல் அழுத்தினால், பிடியும் அலகும் சேரும் இடத்தில் உள்ள பள்ளத்தைத் தகடு கவ்விக்கொள்கிறது. உறைக்குள் கத்தி நிற்பது அந்தக் கவ்வலால்தான். தண்ணீரை உறிஞ்சாது, மெலிதாக இருக்கும், கழுவலாம். வெயிலில் நிற்கும் காரின் முகப்பில் விட்டுவிட்டால் மட்டும் இளகித் தளர்ந்துவிடக்கூடும். உள்ளே மணல் புகுந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அலகில் கோடு விழும். கீழ்நுனியில் ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் தூசியும் வெளியேற அது வேண்டும். ஆனால் அந்தத் துளை வழியாகக் கத்தி முனை எட்டிப் பார்க்கக் கூடாது.

தோல் உறை சத்தம் போடாது, உடம்போடு ஒத்துப்போகும், கைக்கும் இதம். அதில் ஒரே ஒரு விஷயத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தோல்களும் சேரும் தையல் ஓரத்தில், நடுவே மூன்றாவதாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அலகின் கூர் ஒவ்வொரு முறையும் நேராக நூலில் போய்ப் படும். ஆறு மாதத்தில் தையல் அறுந்து, அலகு பக்கவாட்டில் வெளியே வரும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வேர்வை நாளில் அணிந்த தோல் உறையில் இரவு முழுக்கக் கத்தியை வைத்திருக்காதீர்கள்.

எந்தப் பொருளாக இருந்தாலும் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள்.

மேசைமேல் தடித்த துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதற்கு ஒரு சாண் உயரத்தில் உறையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை வெடுக்கென்று உதறுங்கள். உங்கள் காலும் மறு கையும் விலகியே இருக்கட்டும். கத்தி விழக் கூடாது. விழாமல் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் அது தோல்விதான். கைடெக்ஸ் உறையில் ஓரத் திருகுகளை இறுக்கி இன்னொரு முறை பார்க்கலாம். அப்போதும் நகர்ந்தால் அந்த உறை வேண்டாம்.

அடுத்தது எடுக்கும் முறை. கத்தியை உறையிலிருந்து பலமாக இழுத்து எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உறை எப்போது விடும் என்று தெரியாது. விட்டதும் கை துள்ளிப் போகும், கூர்மையான கத்தியோடு. சரியான உறையின் உதட்டில் கட்டைவிரல் ஊன்றச் சிறிய மேடு இருக்கும். நான்கு விரல்கள் பிடியைப் பற்ற, கட்டைவிரல் நுனி அந்த மேட்டை மெல்லக் கீழே தள்ளுகிறது. டக் என்ற ஒலியோடு கத்தி ஒரு செ.மீ. மேலே எழுந்து நிற்கிறது. அங்கே கவ்வல் விட்டுவிட்டது. கை இன்னும் அசையவில்லை. அதன் பிறகு கத்தி எந்தப் பலமும் இல்லாமல் நேராக மேலே வருகிறது. இழுப்பதும் விடுபடுவதும் தனித்தனி அசைவுகளாகப் பிரிந்துவிடுவதுதான் இதன் பாதுகாப்பு. மேடு இல்லாத உறையில் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது, திரும்ப வைப்பது. பெரும்பாலான காயங்கள் எடுக்கும்போது நேர்வதில்லை. உள்ளே வைக்கும்போது, கவனம் வேறெங்கோ இருக்கையில்தான் விரல் வெட்டுப்படுகிறது. உறையின் வாய் அலகைத் தேடி அலையாத அளவுக்கு அகன்றிருக்க வேண்டும். புதியவர்கள் உறையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, கண்ணால் பார்த்து, அலகின் முதுகை உறையின் ஓரத்தில் சாய்த்து, வழுக்கிக்கொண்டு போவதுபோல் உள்ளே விட வேண்டும். உறையைப் பிடிக்கும் கை அதன் வாய்க்குக் கீழேயே இருக்கட்டும், வாயைச் சுற்றி வேண்டாம்.

இனி, உறை பாக்கெட்டில் எப்படி நிற்கிறது என்ற கேள்வி. உறையில் கிளிப் இருந்தால் அது துணியை இறுகக் கடிக்க வேண்டும். கத்தியை எடுக்கும்போது உறையும் கூடவே வந்தால், ஒரு நாள் உறை மாட்டிய கத்தியை வீசிக்கொண்டு நிற்பீர்கள். சில உறைகளில் பக்கவாட்டில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும்; மேலே எழும்போது அது பாக்கெட்டின் ஓரத்தில் மாட்டி உறையை நிறுத்திவிடும், கத்தி மட்டும் வெளியே வரும். எனக்குப் பிடித்தது இவை இரண்டையும்விட எளிமையான பழைய வழி. உறையின் துளையில் ஒரு முழக் கயிற்றைக் கட்டி மறுமுனையை இடுப்பு வார் செல்லும் வளையத்தில் முடிந்துவிடுங்கள். கத்தி பாக்கெட்டின் அடியில் முழுமையாக மறைந்து கிடக்கும். வேண்டும்போது உறையோடு வெளியே எடுத்து, கயிறு விறைக்கும் வரை உடம்பிலிருந்து விலக்கி, அங்கே கட்டைவிரலால் தள்ளுங்கள். அலகு விடுபடும் இடம் தொடையைவிட்டு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. வேகமான வழி அல்ல. பார்சல் பிரிப்பதற்கு வேகம் எதற்கு? கழுத்தில் தொங்கவிடும் வழியும் உண்டு. அப்படி அணிபவர்கள் இழுத்தால் தானே பிரிந்துகொள்ளும் சங்கிலியை மட்டும் பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

முன்பு பாதியில் விட்ட செய்தி இதுதான். என் இரண்டாவது கத்தியின் உறை புதிதாக இருந்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியது. இரண்டு மாதம் கழித்து, காரிலிருந்து இறங்கி, மறந்துபோய் அந்தப் பாக்கெட்டில் போட்டிருந்த சாவிக்காகக் கைவிட்டேன். நடுவிரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டதுபோல் இருந்தது. வலி கிடையாது. வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் நகத்துக்கு அருகில் மெல்லிய கோடு, அதிலிருந்து இரத்தம். கத்தி உறையிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. ஓரத் திருகு இரண்டில் ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. விரலோடு போயிற்று. தொடையின் உட்பக்கமாகப் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது என்பதை அன்று இரவு நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீளமும் தடிமனும்

உறையின் வகை முடிவாகிவிட்டால் கத்தி தேடுவது சுருங்கிவிடும். அலகு 5 முதல் 7.5 செ.மீ. வரை, மொத்த நீளம் 14 முதல் 17 செ.மீ. வரை, உறையோடு எடை 100 கிராமுக்குள். இதற்குள் நின்றால் காலையில் போட்டுக்கொண்டதை மறந்துவிடலாம். ஸ்வீடனின் மோரா நிறுவனம் செய்யும் எல்ட்ரிஸ் என்ற சிறு கத்தி ஓர் எடுத்துக்காட்டு: அலகு 6 செ.மீ.க்குக் குறைவு, தடிமன் 2 மி.மீ., கை நிறையும் தடித்த பிடி. அந்தப் பிடியின் தடிமன் சிலருக்குப் பாக்கெட்டில் உறுத்தும். தட்டையான பிடி உள்ளவை பாக்கெட்டுக்கு இதம், நெடுநேர வேலைக்கு அவ்வளவு இதமில்லை. இந்த இழுபறியிலிருந்து எந்தச் சிறு கத்தியும் தப்பவில்லை.

நீளத்தைவிட முக்கியமானது தடிமன். விளம்பரங்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்கின்றன. 4, 5 மி.மீ. தடித்த முதுகு கையில் பிடித்தால் உறுதியாகத் தெரியும். ஆனால் வெட்டுவது என்பது கூர் நுழைவதோடு முடிவதில்லை. கூருக்குப் பின்னால் வரும் எஃகு முழுவதும் அந்தப் பிளவுக்குள் புக வேண்டும். என் முதல் கத்தி 5 மி.மீ. தடிமன். பார்சல் பெட்டியின் நெளி அட்டையில் முதல் ஒரு செ.மீ. வழுக்கிக்கொண்டு போகும், பிறகு இறுகி நின்றுவிடும். பழத்தை நறுக்கினால் பாதி வரை வெட்டும். மீதிப் பாதி பிளந்து உடையும். அது ஆப்பின் வேலை, கத்தியின் வேலை அல்ல.

எனவே முதுகு 2 முதல் 3 மி.மீ. வரை போதும். கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே 0.3 முதல் 0.5 மி.மீ. இருந்தால் சிறப்பு. இதை விற்பவர்கள் எழுதுவது அரிது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். அலகை முனைப்பக்கமிருந்து நேராக நோக்குங்கள். சரிவு முதுகிலிருந்தே தொடங்கி விளிம்பு வரை ஒரே கோடாக இறங்கினால் மெல்லிய கத்தி. பாதி உயரம் வரை தட்டையாக வந்து, பிறகு சட்டென்று சரிந்தால் விளிம்புக்குப் பின்னால் எஃகு குவிந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு வகையில், விளிம்பை ஒட்டி ஒரே ஓர் அகன்ற சரிவு மட்டும் இருக்கும். அது மரம் சீவ அருமையானது, தீட்டவும் எளிது. தடித்த அட்டையில் மட்டும் கொஞ்சம் திணறும்.

மெல்லிய அலகை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் உடையும். பெயின்ட் டப்பா மூடியைக் கிளப்ப, ஆணி பிடுங்க, அதற்கென்று கருவி எடுங்கள்.

பிடி

உங்கள் உள்ளங்கையின் அகலத்தை, நான்கு விரல்களும் சேரும் கணுக்களுக்கு அருகில் அளந்துகொள்ளுங்கள். பிடி அதைவிட ஒரு செ.மீ. நீளமாக இருந்தால் நான்கு விரலும் அமரும். பாக்கெட் கத்தியில் மூன்று விரல் பிடியும் ஏற்கத்தக்கதே. அப்போது பின்முனைத் துளையில் ஒரு கயிற்று முடிச்சுப் போட்டுக்கொண்டால் சுண்டுவிரல் அதில் அமரும், பாக்கெட்டிலிருந்து இழுக்கவும் பிடிப்புக் கிடைக்கும்.

பிடியில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. சுட்டுவிரல் அலகுக்கு நழுவிப் போகாதபடி ஒரு பள்ளமோ தடுப்போ அங்கே இருக்க வேண்டும். உறையோடு இருக்கும் கத்தியை, சோப்பு நுரை பூசிய கையால் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். விரல் நகர்ந்தால் அது ஒரு நாள் உண்மையிலேயே நகரும். பின்பு கை துடைத்து, ஐந்து நிமிடம் இறுகப் பிடித்திருங்கள். உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே பிடியின் விளிம்பு உறுத்துகிறது.

பொருளைப் பொறுத்தவரை, துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்திய மைகார்ட்டா எனக்கு உகந்தது. ஈரக் கையிலும் பிடிப்பு விடாது. கண்ணாடி இழையால் ஆன ஜி10 அதைவிட உறுதி. ஆனால் சொரசொரப்பாக விட்டிருந்தால் பாக்கெட்டின் துணியை அரித்துவிடும். மரம் அழகு, அவ்வப்போது எண்ணெய் கேட்கும். பிடித் தகடே இல்லாமல் காம்பின்மேல் கயிறு சுற்றிய கத்திகள் மெலிதாக இருக்கும். கயிறு வேர்வையையும் பழச்சாற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

எஃகு

இதில்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். சுருக்கமாகவே முடிக்கிறேன். பாக்கெட் என்பது உடம்பின் சூடும் வேர்வையின் உப்பும் நாள் முழுதும் இருக்கும் இடம். ஆகவே முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால் அதைத் துருப்பிடிக்காத வகையில் சேர்ப்பார்கள். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த வகை எஃகை உருக்கிய பிறகுதான் துரு இல்லாத கத்திகள் பரவலாயின. 14சி28என், முதலில் சவர அலகுகளுக்காக உருவான ஏஇபி-எல் ஆகிய எஃகு வகைகள் இந்த வேலைக்கு வெகு பொருத்தம்: மெலிதாகச் சரித்தாலும் விளிம்பு நொறுங்காது, சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். 2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸின் வடிவமைப்பில் வந்த மேக்னாகட் இவற்றைவிட நெடுநாள் கூர் நிற்கும், துருவையும் நன்றாகத் தாங்கும். விலை அதற்கேற்ப இருக்கும். கடலோரத்தில் வேலை என்றால் குரோமியத்தோடு நைட்ரஜன் சேர்த்த எல்சி200என் வகையைத் தேடுங்கள்.

1095 போன்ற கார்பன் எஃகு, அதாவது சுமார் 0.95 விழுக்காடு கார்பன் கொண்டது, தீட்ட மிக எளிது, உறுதியும் உண்டு. இசூலா போன்ற பெயர்பெற்ற சிறு கத்திகள் அதில்தான் வருகின்றன. ஆனால் பூச்சு இல்லாத விளிம்பு ஒரே வேர்வை நாளில் செந்நிறப் புள்ளி காட்டும். நாள்தோறும் துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். டி2 எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால் துருப்பிடிக்கவே செய்யும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஃகின் பெயரைவிட அது எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பதே பெரிது. கடினம் ராக்வெல் அளவில் 57 முதல் 61 வரை என்று குறிப்பிட்டு விற்பவர், குறைந்தபட்சம் அளந்து பார்க்கிறவர்.

முனை

முதுகு மெல்லச் சரிந்து நடுக்கோட்டுக்கு அருகில் முடியும் முனை எல்லா வேலைக்கும் பொது. உங்கள் வாரக் குறிப்பில் டேப்பும் அட்டையும் பிளாஸ்டிக் பட்டையும்தான் நிறைந்திருந்தால், விளிம்பு நேர்கோடாக ஓடி, முதுகு வளைந்து அதைச் சந்திக்கும் வடிவத்தைப் பாருங்கள். முனை தாழ்ந்திருப்பதால் பெட்டியின் உள்ளே இருக்கும் பொருளைக் குத்தாமல் டேப்பை மட்டும் கீற முடியும். பார்க்கிறவர்களுக்கும் அது மிரட்சி தருவதில்லை. பலரோடு சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இதை நான் சிறிய காரியமாக நினைப்பதில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கத்தியை மெதுவாக எடுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேலை முடிந்ததும் உடனே உறைக்குள் வையுங்கள்.

முதல் மாதம்

கத்தி வந்ததும் விளிம்பு நெடுக இரண்டு சுற்று டேப் ஒட்டி மூடுங்கள். அந்த நிலையில் உறைக்குள் அது சரியாக அமராது; ஆனால் கையை எங்கே வைப்பது, கட்டைவிரல் எங்கே ஊன்றுகிறது, மறு கை எங்கே நிற்கிறது என்று பழக அது போதும். ஒரு நாளைக்கு இருபது முறை, அவசரம் இல்லாமல், மூன்று நாள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு வாரம் அணியுங்கள். வெளியே கொண்டு செல்வது அதற்குப் பிறகு.

கூர் மழுங்கியதைக் காகிதத்தில் பார்க்கலாம்: தாளின் ஓரத்தை ஒரு கையில் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் நல்ல கூர் சத்தமில்லாமல் இறங்கும், மழுங்கியது கிழிக்கும். 1000 எண் சாணைக்கல் ஒன்றும் பழைய தோல் வார் ஒன்றும் இருந்தால் ஆண்டு முழுதும் சமாளிக்கலாம். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் நகத்தால் வருடினால் நெடுக மெல்லிய பிசிர் தட்டுப்படும். அது தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்றுங்கள். கடைசியில் தோலில், விளிம்பைப் பின்னுக்கு வைத்து இழுத்துப் பிசிரை நீக்குங்கள்.

இரவில் கத்தியைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது அலகைத் துடைத்து, உறையைத் தலைகீழாகத் தட்டித் தூசியை உதிருங்கள். கார்பன் எஃகாக இருந்தால் உணவில் படத் தகுந்த கனிம எண்ணெய் ஒரு துளி. வாரம் ஒருமுறை, துண்டை மடித்துப் போட்டுத் தலைகீழ்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உறையின் ஓரத் திருகுகளுக்கும் கிளிப்பின் திருகுக்கும், கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையை ஊசிமுனை அளவு தொட்டு இறுக்கி, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் உறை வரை வெள்ளைப் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். என் விரல் வெட்டுப்பட்ட மறுநாளிலிருந்து, காலையில் கத்தியைப் பாக்கெட்டில் வைக்கும் முன் நான் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.